தமிழ் காமிக்ஸும் சுயாதீன ஓவியர் கூடுகைகளும்

பதிப்பகமோ பத்திரிகையோ சம்பளத்துக்கு அமர்த்தாத ஓவியரும் எழுத்தாளரும் தாங்களே வரைந்து, அச்சிட்டு, வாசகரிடம் கொண்டுசேர்க்கும் படக்கதையே சுயாதீன காமிக்ஸ் எனப்படுகிறது. இத்தகைய படைப்பாளர்கள் ஓரிடத்தில் கூடித் தங்கள் புத்தகங்களை விற்பதும், சேர்ந்து ஒரு தொகுப்பை உருவாக்குவதும், ஒருவரிடமிருந்து ஒருவர் தொழில் கற்பதும் உலகின் பல பகுதிகளில் அரை நூற்றாண்டாக நடந்துவருகின்றன.

தமிழில் படக்கதைக்கு நீண்ட வரலாறு உண்டு. தலைமுறை தாண்டியும் விலகாத வாசகர்கள் உண்டு. ஆண்டுதோறும் அவர்கள் ஒன்றுகூடுவதும் உண்டு. ஆனால் அந்த வரலாற்றின் பெரும்பகுதியில் கூடியவர்கள் வாசித்தவர்கள்தான், வரைந்தவர்கள் அல்லர். இந்த வேறுபாடு ஏன் ஏற்பட்டது, அதனால் தமிழ் இழந்தது என்ன, பிற இடங்களில் ஓவியர் கூடுகைகள் எப்படி உருவாயின என்பவற்றை இக்கட்டுரை கூறுகிறது. வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரம் போன்ற பகுதிக்கு அந்த அனுபவம் எவ்வாறு பயன்படும் என்பதையும் இறுதியில் பார்க்கிறது.

பத்திரிகைக் காலம்

தமிழ்ப் படக்கதை பத்திரிகையின் நிழலில் வளர்ந்தது. தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு, ஆனந்த விகடனில் கோபுலுவின் ஓவியத்தில் படக்கதையாகவும் வந்தது. தினத்தந்தி நாளிதழில் 1960இல் தொடங்கிய கன்னித்தீவு சிந்துபாத்தின் பயணக் கதையைப் பல பத்தாண்டுகளாக நாள்தோறும் சொல்லிவந்தது. முடிவில்லாத எதையும் 'கன்னித்தீவு மாதிரி' என்று சொல்லும் அளவுக்கு அது தமிழரின் பேச்சில் கலந்துவிட்டது. அந்தத் தொடரைக் காலப்போக்கில் ஒருவருக்குப்பின் ஒருவராகப் பல ஓவியர்கள் வரைந்தார்கள். கன்னித்தீவைத் தெரியாத தமிழர் குறைவு. அதைத் தொடங்கிவைத்த ஓவியர் கணுவின் பெயரை அறிந்தவர்களும் குறைவுதான்.

1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதை நிறுவியவர் மு. சௌந்தரபாண்டியன். தொடக்கக் காலத்தில் முல்லை தங்கராசன் அதன் ஆசிரியராக இருந்தார். முதல் இதழான 'இரும்புக்கை மாயாவி' இங்கிலாந்தின் ஃப்ளீட்வே நிறுவனத்தின் படக்கதையிலிருந்து தமிழுக்கு வந்தது. காலண்டருக்கும் பட்டாசு உறைக்கும் தீப்பெட்டி லேபிளுக்கும் படம் அச்சிட்டுப் பழகிய ஊரில் படக்கதை அச்சிடுவது இயல்பாக அமைந்தது.

1984ஆம் ஆண்டு தமிழ் காமிக்ஸுக்குச் செழிப்பான ஆண்டு. சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸைத் தொடங்கியது. அது 'அழகியைத் தேடி' என்ற ஜேம்ஸ் பாண்ட் கதையோடு அறிமுகமாகி 2005 வரை வந்தது. வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு பூந்தளிர் சிறுவர் இதழும் அதே ஆண்டில் வெளிவந்தது. வாண்டுமாமா எழுத, செல்லம் போன்ற ஓவியர்கள் வரைந்த கதைகள் தமிழ்ச் சூழலிலேயே பிறந்தவை.

இந்தக் காலத்தில் இரண்டு ஓடைகள் இணையாக ஓடின. ஒன்று, பிறமொழிக் கதைகளை உரிமம் பெற்றுத் தமிழில் தருவது. மற்றொன்று, பத்திரிகை அலுவலகத்தில் அமர்ந்து தமிழ் ஓவியர் வரைவது. இரண்டிலும் வரைந்தவர் பின்னால் நின்றார். இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்பது அதைப் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. இதற்குத் தமிழ்ப் பதிப்பை மட்டும் குறை சொல்ல முடியாது. அக்கால இங்கிலாந்துப் படக்கதை இதழ்களே படைப்பாளர் பெயரை அச்சிடுவதில்லை. 1977இல் தொடங்கிய '2000 ஏடி' இதழ்தான் ஓவியர், எழுத்தாளர் பெயர்களை ஒவ்வொரு கதையிலும் போடும் வழக்கத்தை அங்கே நிலைநாட்டியது.

பெயர் போடாத வழக்கத்தின் விளைவு, இதழ் நிற்கும்போதுதான் தெரியும். எழுத்தாளர் ஒருவருக்குப் பத்திரிகை நின்றாலும் அவர் பெயரில் புத்தகம் இருக்கும். அதைத் தேடி வாசகர் வருவார். படக்கதை ஓவியருக்கு அந்த வாய்ப்பு இல்லை. கதாநாயகனின் பெயரும் இதழின் பெயரும் வாசகர் நினைவில் தங்கின, கையின் பெயர் தங்கவில்லை. அடுத்த தலைமுறையில் வரைய விரும்பிய ஒருவர் யாரிடம் போய்க் கற்பது என்று கேட்டால் சொல்லப் பெயர் இல்லாமல் போனது.

வாசகர்களின் கூடுகை

2000களில் தமிழ் காமிக்ஸ் இதழ்கள் தளர்ந்தன. ராணி காமிக்ஸ் நின்றது. லயனும் முத்துவும் இடைவெளி விட்டு வந்தன. அந்த இடைவெளியில் காமிக்ஸைக் காப்பாற்றியவர்கள் வாசகர்கள். பழைய புத்தகக் கடைகளில் இதழ்களைத் தேடிச் சேர்த்தார்கள், எந்தக் கதை எந்த ஆண்டில் எந்த எண்ணில் வந்தது என்று பட்டியலிட்டார்கள், மூலக் கதையையும் அதன் ஓவியரையும் கண்டுபிடித்து எழுதினார்கள். தமிழ் காமிக்ஸின் வரலாறு என்று இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி இவர்கள் சம்பளமின்றிச் செய்த ஆவணப் பணி.

அந்த ஆர்வம் பதிப்புக்கும் உதவியது. ழான் வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த 'XIII' தொடரின் 18 பாகங்களும் 2010இல் 'இரத்தப் படலம்' என்ற ஒரே பெரும் தொகுப்பாகத் தமிழில் வந்தன. வாசகர்கள் முன்பதிவு செய்து காத்திருந்த புத்தகம் அது. 2012 முதல் லயன், முத்து இதழ்கள் வண்ணத்தில், தரமான தாளில், சந்தா முறையில் புதிய உயிரோடு வரத் தொடங்கின. உரிமத்தோடு வெளிவரும் இவ்விதழ்களில் ஐரோப்பிய எழுத்தாளர், ஓவியர் பெயர்களைத் தமிழ் வாசகர் காண முடிகிறது.

மக்கள் சிந்தனைப் பேரவை ஆகஸ்ட் மாதத்தில் நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழா, இந்த வாசகர்களின் ஆண்டுச் சந்திப்புக்கு நாளாகவும் இடமாகவும் அமைந்தது. வெளியூர்களிலிருந்து வந்து, ஆசிரியரோடு அமர்ந்து, அடுத்து எந்தக் கதை வரலாம், எந்த மொழிபெயர்ப்பு சரியில்லை என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். 30, 40 ஆண்டுகளாக ஒரே இதழைப் படிக்கும் நடுவயதினர் பலர் அங்கே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் நண்பர்கள்.

இது மதிப்புமிக்க கூடுகை. ஆனால் இதன் மையத்தில் இருப்பது வரப்போகும் இதழ். புதிதாக ஒரு கதையை வரைந்து கையில் கொண்டுவரும் 20 வயதுப் பெண்ணுக்கு இங்கே வாசகர் என்ற இடம் உண்டு, படைப்பாளர் என்ற மேசை இல்லை. வாசகர் கூடுகை அதற்காக உருவானது அல்ல என்பதால் அதைக் குறையாகச் சொல்லவும் முடியாது. அந்த மேசைக்கு வேறொரு வகைக் கூடுகை தேவை.

பிற கலைகள் சென்ற வழி

தமிழ்நாட்டில் கலைஞர்கள் தாங்களே கூடி நின்ற வரலாறு இல்லாமல் இல்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னையின் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற பணத்தில் ஓவியர்கள் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். பிழைப்புக்கு ஒரு தொழில், அதன் வருமானத்தில் தம் கலை என்பது அவர்கள் கண்ட வழி.

இலக்கியத்தில் சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். பெரிய பத்திரிகைகள் ஏற்காத புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் அது இடம் கொடுத்தது. தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார் செல்லப்பா. அவருக்குப் பின் வந்த சிற்றிதழ்கள் பலவும் சில நூறு பிரதிகளையே அச்சிட்டன. ஆனாலும் தமிழின் நவீன இலக்கியம் அவற்றில்தான் உருவானது. நாடகத்தில் 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை இத்தகைய பணியைச் செய்தது.

ஓவியர், கவிஞர், நாடகக்காரர் மூவரும் சந்தைக்கு வெளியே தமக்கென ஒரு களம் அமைத்துக்கொண்டார்கள். படக்கதைக்கு அப்படி ஒரு சிற்றிதழ் இயக்கம் அக்காலத்தில் அமையவில்லை. படம் அச்சிட பிளாக் செய்ய வேண்டும், அதற்குச் செலவு அதிகம், சில நூறு பிரதிகளுக்குக் கட்டுப்படியாகாது. கவிதைக்கு அச்சுக் கோப்பவர் ஒருவர் போதும். படக்கதைக்கு முதலாளி தேவைப்பட்டார்.

உலகில் ஓவியர் கூடுகைகள்

சுயாதீன காமிக்ஸ் கூடுகைகளில் மிகப் பெரியது ஜப்பானின் காமிகெட். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் முதன்முதலாக நடந்தபோது 32 குழுக்கள் மேசை போட்டன. வந்தவர்கள் சுமார் 700 பேர். இன்று ஆண்டுக்கு இருமுறை பல லட்சம் பேர் கூடும் நிகழ்வாக அது வளர்ந்திருக்கிறது. அங்கே விற்கப்படுபவை 'தோஜின்ஷி' எனப்படும், படைப்பாளரே அச்சிட்ட இதழ்கள். நிகழ்வை நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். அவர்களின் கொள்கை ஒன்று கவனிக்கத்தக்கது: அங்கே வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை. விற்பவர், வாங்குபவர், ஒழுங்கு செய்பவர் என அனைவரும் பங்கேற்பாளர்களே. இந்த ஆண்டு வாங்க வந்தவர் அடுத்த ஆண்டு மேசை போடலாம் என்பது அந்தச் சொல்லின் பொருள்.

அமெரிக்காவில் 1970இல் தொடங்கிய சான் டியேகோ காமிக்-கான் பெரும் நிறுவனங்களின் களமாக மாறியது. அதற்கு மாற்றாகச் சிறு பதிப்பாளர்களுக்கென்றே 1994இல் மேரிலாந்து மாநிலத்தில் ஸ்மால் பிரஸ் எக்ஸ்போ தொடங்கியது. பிரான்சின் அங்குலேம் நகரில் 1974 முதல் நடக்கும் விழா, ஒரு சிறு நகரத்தையே காமிக்ஸின் தலைநகராக்கியது.

கூடுகைகளிலிருந்து கூட்டுப் படைப்பு முறைகளும் பிறந்தன. அவற்றில் மூன்றைக் குறிப்பிடலாம்.

முதலாவது தொடர்வரைவு. ஒருவர் ஒரு கட்டம் வரைந்து நிறுத்த, அடுத்தவர் அங்கிருந்து தொடர வேண்டும். 1960களின் இறுதியில் சான் ஃபிரான்சிஸ்கோவின் தலைமறைவு காமிக்ஸ் ஓவியர்கள் இதை விரும்பிச் செய்தார்கள். நம் மரபில் இதற்கு அந்தாதி என்று பெயர் சொல்லலாம். ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் தொடக்கமாவதுபோல ஒருவர் விட்ட கட்டம் மற்றவரின் முதல் கட்டமாகிறது.

இரண்டாவது 24 மணி நேர காமிக்ஸ். 1990இல் ஸ்காட் மெக்ளவுட் என்ற ஓவியர், தம் நண்பர் ஸ்டீவ் பிசெட்டோடு சேர்ந்து, 24 பக்கக் கதையை 24 மணி நேரத்தில் தொடங்கி முடிக்கும் சவாலை உருவாக்கினார். 2004 முதல் அதற்கென ஒரு நாள் குறித்துப் பல நாடுகளில் ஓவியர்கள் ஒன்றாக அமர்ந்து வரைகிறார்கள். திருத்தித் திருத்தி எதையும் முடிக்காதவர்களுக்கு முடித்துப் பழகும் பயிற்சி இது.

மூன்றாவது கருப்பொருள் தொகுப்பு. ஒரே தலைப்பில் பலரும் சில பக்கங்கள் வரைந்து ஒரு நூலாக்குவது. நம் கவியரங்கத்தின் அமைப்பும் இதுவே. தலைப்பு பொது, குரல் தனித்தனி.

இக்கூடுகைகளில் மிக நீண்ட விளைவை ஏற்படுத்திய ஒன்றில் படமே வரையப்படவில்லை. 1988 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டன் நகரில் சுயாதீன காமிக்ஸ் படைப்பாளர்கள் சிலர் கூடினார்கள். மெக்ளவுட் எழுதிய வரைவை விவாதித்துப் படைப்பாளர் உரிமைச் சாசனம் ஒன்றை ஏற்றார்கள். தான் உருவாக்கியதற்குத் தானே உரிமையாளர் என்பது அதன் சாரம். 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டு ஆயுள் முழுதும் வருந்திய கதையை அந்த அறையில் இருந்த அனைவரும் அறிந்திருந்தார்கள்.

இந்தியாவில்

இந்தியாவில் 1964இல் இந்திரஜால் காமிக்ஸும் 1967இல் அனந்த் பையின் அமர் சித்திரக் கதையும் தொடங்கின. இரண்டுமே நிறுவனப் பதிப்புகள். சுயாதீன முயற்சிகளில் முன்னோடியாகக் கருதப்படுவது ஒரிஜித் சென் 1994இல் வெளியிட்ட 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்'. நர்மதை அணையால் இடம்பெயரும் பழங்குடியினரின் கதையைச் சொன்ன அந்நூலைக் கல்பவிருக்ஷ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்டது.

பின்னர் ஒரிஜித் சென், சார்நாத் பானர்ஜி, விஸ்வஜோதி கோஷ், பரிஸ்மிதா சிங், அமிதாப் குமார் ஆகியோர் டெல்லியில் பாவ் கலெக்டிவ் என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். அவர்கள் முன்னின்று உருவாக்கிய காமிக்ஸ் தொகுப்பு 2012இல் வந்தது. பரத் மூர்த்தி, ஜப்பானின் தோஜின்ஷி மரபை நேரில் கண்டு ஆவணப்படம் எடுத்தவர். அவர் நடத்திய 'காமிக்ஸ் இந்தியா' இதழ் கறுப்பு வெள்ளையில், தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் புதியவர்களுக்கு இடம் கொடுத்தது. 2010களின் பிற்பகுதியில் அவரும் நண்பர்களும் தொடங்கிய இண்டி காமிக்ஸ் ஃபெஸ்ட், ஓவியர்கள் மேசை போட்டுத் தம் புத்தகத்தைத் தாமே விற்கும் கூடுகையாகப் பல நகரங்களில் நடந்தது.

சென்னையில் இருவகைக் கூட்டு முயற்சிகள் நடந்தன. பிளாஃப்ட் பதிப்பகம் 2012இல் 'தி ஒப்ளிடெரரி ஜர்னல்' என்ற தொகுப்பை வெளியிட்டது. காமிக்ஸோடு சுவரோவியம், கையால் எழுதிய பெயர்ப்பலகைகள் போன்ற தெருக்கலைக்கும் அது இடம் தந்தது. பெயர்ப்பலகை ஓவியரையும் காமிக்ஸ் ஓவியரையும் ஒரே அட்டைக்குள் வைத்தது அதன் சிறப்பு. தாரா பதிப்பகம், வங்காளத்துப் படச்சுருள் ஓவியர் மொய்னா சித்ரகரும் எழுத்தாளர் சம்ஹிதா ஆர்னியும் இணைந்த 'சீதாஸ் ராமாயணா' நூலை 2011இல் வெளியிட்டது. அதே ஆண்டில் நவயானா வெளியிட்ட 'பீமாயணா'வில், அம்பேத்கரின் வாழ்க்கையை கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைய, ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதினார்கள். மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்று அந்த ஓவியர்கள் மறுத்ததால் கட்டங்களே இல்லாத பக்க அமைப்பு உருவானது. கூட்டுப் படைப்பில் ஓவியரின் சொல்லுக்கு எடை இருந்தால் வடிவமே மாறும் என்பதற்கு இது சான்று.

2011இல் டெல்லியில் தொடங்கிய காமிக் கான் இந்தியா, 2024 பிப்ரவரியில் முதன்முறையாகச் சென்னை வர்த்தக மையத்துக்கு வந்தது. அங்கே தனி ஓவியர்களுக்கும் மேசைகள் உண்டு. ஆனால் மேலே சொன்ன சென்னை, டெல்லி முயற்சிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழில் படித்து, தமிழில் யோசித்து, சிறு நகரத்தில் இருந்து வரைபவருக்கு இந்த மேசைகள் இன்னும் தூரத்தில்தான் இருக்கின்றன.

நான்கு கட்டச் சுவர்க்கதை

அந்தத் தூரத்தைக் குறைக்கும் முறை ஒன்று இந்தியாவில் நன்கு சோதிக்கப்பட்டிருக்கிறது. ஷரத் சர்மா வழிநடத்தும் வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா என்ற அமைப்பும், ஃபின்லாந்தின் லெய்ஃப் பக்காலேனும் வளர்த்தெடுத்த அடித்தட்டு காமிக்ஸ் முறை அது. இதுபற்றி இருவரும் எழுதிய கையேடு 2007இல் வெளிவந்தது.

இதில் கதை நான்கே கட்டங்கள். இரண்டு ஏ4 தாள்களில் கறுப்பு மையால் வரைந்து, இரண்டையும் ஒட்டினால் ஒரு சுவரொட்டி. ஏ4 அளவில் வரைவதற்குக் காரணம் உண்டு. எந்தச் சிற்றூரின் ஜெராக்ஸ் கடையிலும் அதை நகலெடுக்கலாம். அச்சகமும் முதலாளியும் தேவையில்லை. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், நின்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும், உள்ளூர்ப் பேச்சில் இருக்க வேண்டும். பட்டறையில் கலந்துகொள்பவர்கள் ஓவியர்களாக இருக்க வேண்டியதில்லை. தங்களுக்குத் தெரிந்த ஒரு நிகழ்வை முதலில் கதையாகச் சொல்கிறார்கள், பிறகு நான்காகப் பிரிக்கிறார்கள், பிறகு வரைகிறார்கள். வரைந்ததைப் பேருந்து நிறுத்தத்திலும் தேநீர்க் கடையிலும் பள்ளிச் சுவரிலும் ஒட்டி, படிப்பவரோடு நின்று பேசுகிறார்கள். ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் பெண் குழந்தைகளின் உரிமைக்காக இம்முறையில் ஒரு இயக்கமே நடத்தப்பட்டது.

முன்பு சிற்றிதழ் காமிக்ஸுக்குத் தடையாக இருந்த அச்சுச் செலவு இங்கே சில ரூபாய்களாகச் சுருங்குகிறது. அடுத்த பட்டறையை, முந்தைய பட்டறையில் கற்றவரே நடத்த முடிகிறது.

கூட்டுப் படைப்பும் உரிமையும்

சேர்ந்து வேலை செய்பவர்கள் பிரிவது பெரும்பாலும் உரிமைப் பிரச்சினையால். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கூறும் சில செய்திகளை மாணவர் அறிந்திருப்பது நல்லது.

இருவர் அல்லது பலர் சேர்ந்து, யார் பங்கு எது என்று பிரிக்க முடியாதபடி உருவாக்கியது கூட்டுப் படைப்பு. அதன் உரிமை, அவர்களில் கடைசியாக வாழ்ந்தவர் இறந்தபின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். வேலைக்கு அமர்த்தப்பட்டவர் பணியின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் முதல் உரிமை பொதுவாக அமர்த்தியவருக்குப் போகும். தனியாக வரைபவரின் உரிமை அவரிடமே இருக்கும்; அதை மாற்றித்தர எழுத்தும் கையொப்பமும் வேண்டும், வாய்ச்சொல் போதாது. அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் கொள்ளும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 57ஆம் பிரிவு. உரிமையை விற்றபின்னும் 'இதைப் படைத்தவர் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளரிடமே இருக்கும். கன்னித்தீவுக் காலத்தில் பழக்கத்தால் மறைந்துபோன பெயருக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பு இது. கூடுகையின் தொடக்கத்திலேயே, யார் எழுதினார், யார் வரைந்தார், யார் எழுத்து வடித்தார், விற்ற பணம் எப்படிப் பிரியும் என்று ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் பிற்காலத்தில் நட்பு கெடாது.

பாலாற்றங்கரையில்

இந்த வரலாற்றை வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தில் வைத்துப் பார்த்தால் அதன் பயன் தெளிவாகும். பாலாற்றை ஒட்டிய வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடுவதும் காலணி செய்வதும் பிழைப்பு. ஷூ கம்பெனிகளில் ஏராளமான பெண்கள் வேலை செய்கிறார்கள். அதே தொழிலின் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தியது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் எந்த மாணவரும் அந்தத் தீர்ப்பைப் படிக்காமல் இருக்க முடியாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

நர்மதைக்கு ஒரு 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' வந்ததுபோலப் பாலாற்றுக்கும் சொல்ல வேண்டிய கதை உண்டு. வேலை போய்விடுமோ என்ற அச்சமும் தண்ணீர் கெட்டுவிட்டதே என்ற கவலையும் ஒரே வீட்டில் இருக்கும் ஊர்கள் இவை. தீர்ப்பின் மொழியில் அந்த இரட்டை நிலையைச் சொல்ல இயலாது. ஒரு தாய் மகளிடம் பேசும் நான்கு கட்டங்களில் சொல்லலாம்.

இந்த வட்டாரத்துக்கு ஒரு சிறப்புச் சிக்கலும் உண்டு. இங்கே தமிழோடு உருதும் தெலுங்கும் வீட்டு மொழிகள். தமிழ் இடமிருந்து வலம், உருது வலமிருந்து இடம். தமிழுக்காக வரைந்த பக்கத்தில் உருதை எழுதினால் கதையின் வரிசை குழம்பும். பக்கத்தையே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி அச்சிட்டால் வலது கைக்காரர் இடது கைக்காரர் ஆவார். ஜப்பானியக் கதைகளை மேலைநாடுகளில் அச்சிட்டபோது எழுந்த சிக்கல் இதுவே. ஜப்பானின் நான்கு கட்டத் துணுக்குக் கதைகளில் இதற்கு விடையும் இருக்கிறது. அங்கே கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைகின்றன. மேலிருந்து கீழே படிப்பது எல்லா மொழிக்கும் பொது. கட்டத்துக்குள் முதலில் பேசுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை மட்டும் கவனித்தால், ஒரே ஓவியத்துக்குத் தமிழிலும் உருதிலும் பேச்சுக் குமிழிகள் எழுதலாம். தமிழும் உருதும் அறியாத வங்கத் தொழிலாளியும் படத்தைப் பார்த்துப் பாதிக் கதையைப் புரிந்துகொள்வார்.

2019இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. 2022 முதல் தமிழ்நாடு அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்களை நடத்திவருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்கள் புத்தகம் தேடி வரும் இடம் இப்போது ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது. அங்கே ஒரு மேசை, நான்கு கட்டச் சுவர்க்கதைகள் சில, வரைந்தவர்கள் பெயர் எழுதிய ஒரு பலகை. காமிகெட்டின் 32 மேசைகளும் இதைவிடப் பெரிதாகத் தொடங்கவில்லை.

முடிவாக

தமிழ் காமிக்ஸுக்கு அச்சகம் சிவகாசியில் கிடைத்தது, வாசகர் நாடெங்கும் கிடைத்தார்கள். வரைபவருக்குரிய இடமும் பெயரும் உரிமையும் மட்டும் தாமதமாகின. சோழமண்டலத்திலும் சிற்றிதழிலும் தமிழ்க் கலைஞர்கள் அந்த மூன்றையும் தாங்களே தேடிக்கொண்டார்கள். டோக்கியோவிலும் நார்த்தாம்ப்டனிலும் காமிக்ஸ் ஓவியர்கள் தேடிக்கொண்டார்கள். எல்லா இடத்திலும் முதல் படி ஒன்றுதான்: சிலர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வரையத் தொடங்கி, வரைந்ததன் கீழே தம் பெயரை எழுதினார்கள்.